உண்ணி இல்லாத நாய்

அத்தியாயம் பதினொன்று

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குச் செசீலியா உப்புக் கிண்ணத்தைத் தேடினாள். குசினியில் இல்லை, சாப்பாட்டு மேசையில் இல்லை. கடைசியில் முன்விறாந்தை யன்னலோரத்தில் இருந்தது. உள்ளே உப்பு இல்லை, ஊதா நிறத்தில் ஏதோ சாயம்.

“மாதாவே, இந்த மனுசன வச்சிக்கிட்டு நான் என்ன செய்வன்?” என்றாள்.

பதில் சொல்ல மனுசன் வீட்டில் இல்லை. கொழும்பிலிருந்து இரவுக் கோச்சியில் வருகிற பெரிய டாக்டரைக் கூட்டிவர, சப்பாத்தைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அப்போதே ஸ்டேசனுக்குப் போய்விட்டார்.

விடாமல் படித்து வருகிறவர்களுக்கு இந்த வீட்டுக் கூத்து தெரியும். இன்றைக்குத்தான் பக்கத்தைப் புரட்டியவர்கள் இவ்வளவு தெரிந்துகொண்டால் போதும். செசீலியாவின் கணவர் பிலிப்பு, மட்டக்களப்பில் அரசாங்கத்து மிருக வைத்திய உத்தியோகத்தர். ஊரில் அவருக்கு மாட்டு டாக்குத்தர் என்று பேர். மாட்டோடு நின்றிருந்தால் செசீலியா ஏன் இப்படித் தலையில் அடித்துக்கொள்ளப் போகிறாள்? ஆறு மாதமாக அவருக்கு நாய்ப் பைத்தியம் பிடித்திருந்தது.

வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயல் வட்டைகளில் பன்றிக் காவலுக்கு நிற்கிற நாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. பல் முரசு வெளிறி, கோப்பித் தண்ணீர் நிறத்தில் சிறுநீர் போய், நாலைந்து நாளில் கதை முடிந்தது. உண்ணிக் காய்ச்சல்தானே என்று பிலிப்பு வழக்கமான நீல மருந்தை ஊசியில் ஏற்றினார். நாய்களின் நாக்கு நீலமானதுதான் மிச்சம்.

அதன் பிறகுதான் நாய் இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் போட்டு, இலாகா கொடுத்த நுணுக்குக்காட்டியில் பார்க்கத் தொடங்கினார். உண்ணிக் காய்ச்சல் கிருமி பேரிக்காய் வடிவில், பெரிதாக, சோடி சோடியாக இருக்குமாம். இவர் கண்டது வேறு. இரத்தத்தின் சிவப்பு வட்டத்துக்குள் மிகச் சின்ன நாலு புள்ளிகள், சிலுவை மாதிரி. இது ஒருத்தரும் இன்னும் பேர் வைக்காத புதுக் கிருமி என்று கொழும்புக்கு எழுதினார். கூடவே தங்கை பீற்றிஸ் கீறிய படங்களையும் அனுப்பினார்.

பீற்றிஸ் கொன்வெண்டில் சித்திரம் படிப்பிக்கிறவள். முப்பது வயது, கல்யாணம் இல்லை, அண்ணன் வீட்டில்தான் இருப்பு. கோவில் பீடத்துக்குப் பூவும் சிலுவையும் தீட்டுவதும், நத்தாருக்குப் பாலன் குடில் சோடிப்பதும் அவள்தான். அது எப்படியோ கொழும்பு வரை தெரிந்திருந்தது. “படங்கள் நன்று. நத்தார் வாழ்த்து மட்டைக்கு மிகவும் பொருத்தம்” என்று டாக்டர் நல்லரத்தினம் பதில் போட்டார். அவர்தான் இலாகாவில் கிருமி பார்க்கிற பெரியவர். ஜனவரி இருபத்திரண்டாம் திகதி நானே வருகிறேன், காலையில் வந்து மாலைக் கோச்சியில் திரும்புவேன், என் கண்ணால் கண்டால் சரி, இல்லையென்றால் நுணுக்குக்காட்டியை ஒப்படைத்துவிட்டு மன்னாருக்கு மாற ஆயத்தமாக இருங்கள் என்றும் எழுதியிருந்தார்.

சாட்சிக்கு வைத்திருந்த பதின்மூன்று கண்ணாடித் துண்டுகளையும் சென்ற கிழமை எறும்பு தின்றுவிட்டது. ஆம், எறும்புதான். காய்ந்த இரத்தம் அதற்குக் கருப்பட்டி. அலுமாரிக் கால்களுக்குக் கீழே தண்ணீர்ச் சிரட்டை வைக்க மறந்தது நீயா நானா என்று அண்ணனும் தங்கையும் மனைவியும் சண்டை பிடித்து, மூன்று நாள் ஒருவரோடொருவர் கதைக்கவில்லை. ஆகவே இன்றைக்கு, இந்த ஒரே நாளில், உயிரோடு ஒரு நோய் நாயின் இரத்தத்தில் அந்த நாலு புள்ளியைக் காட்டியாக வேண்டும்.

பின்விறாந்தையில் கறுவா எழுந்து வாலை ஆட்டியது. செசீலியாவின் நாய். கறுவாப்பட்டை நிறம், மூன்று வயதுப் பெட்டை.

“சனியனே, உனக்கொரு கேடு. பால் இப்பதானே குடிச்ச?” என்று சொல்லிக்கொண்டே இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

செசீலியாவுக்கு நாய் என்றாலே ஆகாதாம். அதை அவள் நாளுக்கு ஐந்து தரமாவது சொல்வாள். ஆனால் செபம் முடிந்த கையோடு ஒவ்வொரு பின்னேரமும் மண்ணெண்ணெய்க் கிண்ணத்தை வைத்துக்கொண்டு அந்த நாயின் காது, கக்கம், வாலடி எல்லாம் விலக்கிப் பார்ப்பாள். கிழமைக்கு இரண்டு தரம் வேப்பிலைத் தண்ணீரில் குளிப்பாட்டுவாள். பிள்ளை இல்லாத வீடு என்று அக்கம்பக்கத்தில் அனுதாபப்படுகிறவர்களிடம், “படுக்கைக்கு உண்ணி வந்திரும் எண்டுதான், வேறொண்டுமில்ல” என்பாள்.

எட்டு மணிக்கு டாக்டர் நல்லரத்தினம் வந்து சேர்ந்தார். மெலிந்த மனுசர், வெள்ளைக் கோட்டு, தங்க விளிம்புக் கண்ணாடி. கதிரையைக் கைலேஞ்சியால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். செசீலியா நீட்டிய கோப்பியை வேண்டாம் என்றார். கொதித்தாறிய தண்ணீர் கேட்டார். கொதித்ததா, சூடாக்கியதா என்று வேறு கேட்டார்.

“நோய் நாய் எங்கே, மிஸ்டர் பிலிப்பு?”

“வருகுது சேர். மண்முனைத் துறையால தோணியில ஏத்தி, பொறகு வண்டியில கொண்டு வாறாங்க.”

ஒன்பது மணிக்கு வண்டி வந்தது. காத்தான்குடி முனாப் போடியார் தானே ஓட்டிவந்தார். கொக்கட்டிச்சோலைப் பக்கம் அவருக்கு இருபது ஏக்கர் வயல். வயல் குடிசையான வாடியில் காவலுக்கு நின்ற ஐந்து நாயில் நாலு செத்து, மிஞ்சியது இந்த ஒன்றுதான். கதிர் பால் பிடிக்கிற நேரம். நாயில்லாவிட்டால் பன்றிக் கூட்டம் ஒரே இறக்கத்தில் உழுது விட்டுப் போய்விடும்.

ஆனால் போடியார் வண்டியை விட்டு இறங்காமலே கையைப் பிசைந்தார்.

“தங்கச்சி, கோவிக்கப்படா. இந்தக் கண்ணகை செஞ்ச வேலயப் பாருங்க.”

கண்ணகை என்பவள் வாடியில் சமைத்துக் காவல் பார்க்கிறவள். செசீலியா வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். சாக்கில் படுத்திருந்த நாய் பளபளவென்று இருந்தது. உடம்பெல்லாம் வேப்பெண்ணெய். மண்ணெண்ணெய் மணம் வேறு. நெற்றியில் திருநீறு.

“கொழும்பு டாக்குத்தருக்கு முன்னால ஊத்த நாய அனுப்பினா ஊருக்குத்தான் மரியாதக் கேடாம். முழுகவாத்து, உண்ணி எல்லாத்தயும் பொறுக்கி அடுப்புக்குள்ள போட்டுட்டாள். மறுகா திருநீறும் பூசி அனுப்பியிருக்காள்.”

பிலிப்பு தலையில் கை வைத்தார். “போடியார்! உண்ணியும் வேணும், ஒண்டையும் தொடப்படாது எண்டு சொன்னனே!”

“சொன்னீங்கதான். நானும் அவளுக்கிட்டச் சொன்னன். உண்ணிய ஆராவது கேப்பாங்களா எண்டு சிரிச்சிட்டாள்.”

கிருமி நாய்க்கு நாய் எப்படிப் போகிறது என்று காட்ட அந்த உண்ணி தேவை. பிலிப்பு நாயின் காதுகளை மடித்து மடித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. டாக்டர் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். எழுதாமல் திட்டியிருந்தாலாவது நன்றாயிருந்திருக்கும் என்று செசீலியாவுக்குத் தோன்றியது.

போடியார் நாயைத் தொட்டுத் தூக்கியிருந்தார். அவர் கேட்குமுன்பே செசீலியா கிணற்றடியில் வாளித் தண்ணீரும் ஒரு சிரட்டையில் நல்ல மண்ணும் வைத்திருந்தாள். நாயைத் தொட்ட முஸ்லிம் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணால் என்பது அவளுக்குத் தெரியும். கழுவிவிட்டு, “நாய் இஞ்சயே கிடக்கட்டும் தங்கச்சி. நான் கடைத்தெருவுக்குப் போயி, ஜும்மாவும் தொழுதுட்டு வாறன்” என்று சொல்லிப் போனார். வண்டி பின்வளவு வேப்பமரத்தடியில் நிழலில் நின்றது.

நாயின் காதில் குத்தி மூன்று கண்ணாடித் துண்டில் இரத்தம் எடுத்தார்கள். சாயம் போட்டுக் காயவைத்தார்கள். இந்தத் தடவை நாலு பக்கமும் தண்ணீர். ஓர் எறும்பு வந்தாலும் அங்கேயே நசுக்குவதென்று செசீலியா அகப்பையோடு பக்கத்தில் நின்றாள்.

பிறகு அவள் குசினிக்குப் போனாள். வெள்ளிக்கிழமை, இறைச்சி இல்லை. திரளி மீன் பொரித்து, இறால் குழம்பு வைத்து, முருங்கையிலைச் சுண்டலும் செய்தாள். அரை மணிக்கு ஒரு தரம் முன்விறாந்தையிலிருந்து டாக்டரின் குரல் மட்டும் வந்தது.

“சாயத் தூசி.”

கொஞ்ச நேரம் கழித்து, “இதுவும் சாயத் தூசிதான்.”

செசீலியா அகப்பையைச் சட்டியில் தட்டினாள். ஆறு மாதமாக அந்த நாலு புள்ளியைத் திட்டாத நாள் இல்லை. இன்றைக்கு, அம்மா மாதாவே, ஒரு புள்ளியாவது காட்டிவிடு என்று குழம்புச் சட்டிக்கு முன்னால் நின்று கெஞ்சினாள். மன்னாருக்குப் போகப் பயமா? அதுவும்தான். ஆனால் அதைவிட, அந்த மனுசன் முகம் தொங்கிப்போய் நிற்பதைப் பார்க்க அவளால் முடியவில்லை.

பன்னிரண்டரைக்குள் இரண்டு கண்ணாடித் துண்டு முடிந்தது. நாலு புள்ளி இல்லை. மூன்றாவதைச் சாப்பிட்ட பிறகு பார்ப்பதாகச் சொல்லி டாக்டர் மேசைக்கு வந்தார். நேர்த்தியாகச் சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது என்று ஒரு சொல் சொல்லவில்லை. நடுவில் குனிந்து கணுக்காலைச் சொறிந்தார்.

“வீட்டிலும் நாய் இருக்கிறது போல. உண்ணி இருக்கத்தானே செய்யும்.”

அந்த ஒரு சொல் போதும். செசீலியா கரண்டியை வைத்தாள்.

“டாக்டர், என்ட நாயில ஒரே ஒரு உண்ணி எடுத்துக் காட்டுங்க. நான் இந்த வீட்ட விட்டே போறன்.”

“ஒன்றுகூட இல்லையா?”

“கண் முழிக்காத குட்டியா வந்ததில இருந்து ஒண்டும் கடிச்சதில்ல. நிலத்தில படுக்க விட்டதில்ல, தெருவுக்கு விட்டதில்ல. இந்த மட்டக்களப்பில அப்பிடி இன்னொரு நாய் இருந்தாச் சொல்லுங்க பாப்பம்!”

டாக்டர் அன்றைக்கு முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். பிலிப்பு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. வெட்கப்படுகிறார் என்று செசீலியா நினைத்தாள்.

ஒன்றரை மணிக்குப் பீற்றிஸ் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். அவள் முகம் கழுவுகிற நேரத்துக்குள் டாக்டர் செசீலியாவைக் கூப்பிட்டு, கறுவாவின் காதில் ஒரு சொட்டு இரத்தம் வேண்டும் என்றார்.

“என்ட நாய் என்ன பாவம் செஞ்சது?”

“ஒரு சோதனை. நாய்க்கல்ல. உங்கள் மச்சாளுக்கு.”

பொருமிக்கொண்டே பிடித்துக் கொடுத்தாள். கறுவா ஒரு தரம் முனகி, அவள் கையை நக்கியது. டாக்டர் அந்தச் சொட்டைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சாயம் போட்டு, காய்ந்ததும் நுணுக்குக்காட்டியில் வைத்துவிட்டுப் பீற்றிஸை உட்கார்த்தினார். எந்த நாயென்று சொல்லவில்லை.

“மிஸ் பீற்றிஸ், தெரிகிறதை அப்படியே கீறுங்கள்.”

பீற்றிஸ் பார்த்தாள். ஒரு கண்ணால் பார்த்து, மறு கண்ணால் தாளைப் பார்த்துக் கீறினாள். கால் மணித்தியாலம் போனது. வெறும் வட்டங்கள்.

“இவ்வளவுதானா? சிலுவை இல்லையா? நன்றாகப் பாருங்கள், உங்கள் அண்ணனின் உத்தியோகம் இதில் இருக்கிறது.”

பீற்றிஸின் முகம் சிவந்தது. “அண்ணன்ட உத்தியோகம் போனாலும் இல்லாதத நான் கீற மாட்டன் சேர். இதில கிருமி இல்ல.”

“ம்” என்றார் டாக்டர். அவருடைய குரலில் ஒரு சின்ன மாற்றம். போடியார் நாயின் மூன்றாவது கண்ணாடித் துண்டை எடுத்து வைத்தார்.

இந்தத் தடவை பீற்றிஸ் கீறவே இல்லை. விரலால் மெல்ல மெல்ல நகர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அரை மணித்தியாலம். பிலிப்பு விறாந்தையில் நடந்தார். செசீலியா ஈரக் கையோடு கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். இந்த மச்சாள்காரியோடு அவளுக்கு ஒரு நாள் ஒத்துப்போனதில்லை. தூரிகை கழுவுகிற தண்ணீரை ரோசாச் செடிக்கு ஊற்றுகிறவள், எண்ணெய்ப் போத்தலுக்குள் சாயக் கையை விடுகிறவள். இருந்தாலும் இப்போது அந்த வளைந்த முதுகுக்காகவும் செசீலியா மாதாவிடம் மன்றாடினாள்.

“சேர்,” என்றாள் பீற்றிஸ், அசையாமல். “நான் கீற வேணாம். நீங்களே வந்து பாருங்க.”

டாக்டர் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றினார். திரும்பவும் குனிந்தார். 

“நாலு,” என்றார் கடைசியில். “நாலு இருக்கிறது. சிலுவையாகவே இருக்கிறது. மிஸ் பீற்றிஸ், நத்தார் மட்டை என்று எழுதியதற்கு மன்னிக்க வேண்டும்.”

பிலிப்பு அப்படியே கதிரையில் உட்கார்ந்தார். செசீலியா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்ததை மிளகாய்க் கை என்று சொல்லிச் சமாளித்தாள்.

சந்தோசம் ஐந்து நிமிடம் இருந்திருக்குமோ என்னவோ. டாக்டர் நல்லரத்தினத்தைப் போன்ற மனுசர்கள் இருக்கிற இடத்தில் சந்தோசத்துக்கு அவ்வளவுதான் ஆயுசு.

“அவசரப்பட வேண்டாம். இது நீல மருந்து ஏற்றிய நாய். பழைய பேரிக்காய்க் கிருமியே மருந்தால் உடைந்து நாலாகத் தெரியலாம். புது இனம் என்று அச்சில் போட இது போதாது. இந்த நாயின் இரத்தத்தைச் சுத்தமான நாய் ஒன்றுக்கு ஏற்ற வேண்டும். அங்கேயும் நாலு புள்ளியே வந்தால் புதுக் கிருமி. பேரிக்காய் வந்தால் பழையது. அது தெரிந்தால்தான் வேறு மருந்து தேடலாம்.”

“சுத்தமான நாய் எண்டா?” என்றாள் பீற்றிஸ்.

“வாழ்நாளில் உண்ணியே கடியாத நாய். கொழும்பில் எனக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை. நான் இவ்வளவு தூரம் வந்ததே அதற்காகத்தான்.” டாக்டர் செசீலியாவிடம் திரும்பினார். “நீங்கள் சாப்பாட்டு மேசையில் சொன்னதும் அதுதானே. சற்று முன் அதன் இரத்தத்தையும் பார்த்தோம். மிகச் சுத்தம்.”

செசீலியாவுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் கதவு நிலையை விட்டு முன்னுக்கு வந்தாள்.

“ஆர் சொன்னது என்ட நாயத் தருவன் எண்டு?”

டாக்டர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். கைப்பெட்டியிலிருந்து பிலிப்புவின் கடிதத்தை எடுத்து, அவளுக்குக் கேட்கும்படி வாசித்தார். “‘என் வீட்டில் என் மனைவி வளர்க்கும் பெட்டை நாய் ஒன்று உண்டு. பிறந்தது முதல் உண்ணி கடியாதது. தேவைப்படின் பரிசோதனைக்கு அதைத் தருவதில் எமக்கு ஆட்சேபனை இல்லை.’ உங்களுக்குத் தெரியாதா?”

அவள் பிலிப்புவைப் பார்த்தாள். பிலிப்பு நிலத்தைப் பார்த்தார்.

“எமக்கா? எமக்கெண்டா ஆரு?”

“செசீலியா, ஒருத்தரும் நம்பல்ல. வேற வழி எனக்குத் தெரியல்ல.”

“என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டீங்களா?”

“கேட்டா நீ தந்திருக்க மாட்டாய்.”

“அது தெரிஞ்சுகொண்டுதானே எழுதியிருக்கீங்க! ரெண்டு மாசமா இத மனசுக்குள்ள வச்சிக்கிட்டு என்ட கையால சோறு திண்டிருக்கீங்க!”

செசீலியா டாக்டரிடம் திரும்பினாள்.

“ஏத்தினா நாய் செத்திருமா?”

“பிழைக்கவும் கூடும்,” என்றார் அந்த மனுசர். பொய் சொல்லத் தெரியாதவர். “உங்கள் கணவர் இதுவரை பார்த்த ஒன்பதில் ஒன்றும் பிழைக்கவில்லை. ஐந்தரைக்கு எனக்குக் கோச்சி. ஏற்றுவதென்றால் இப்போதே ஏற்ற வேண்டும்.”

கத்துவாள், கதவை அடித்துச் சாத்துவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவளும் அதைத்தான் எதிர்பார்த்தாள். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

“இருங்க. நான் கொண்டு வாறன்.”

பின்வளவுக்குப் போனாள். கறுவா துள்ளிக்கொண்டு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடி வண்டிக்குப் போனாள். தன் நாய் இன்னும் பத்து நாளில் எப்படிக் கிடக்கப் போகிறது என்று ஒரு தரம் பார்க்க வேண்டும் போல இருந்தது. போடியாரின் நாய் கண்ணைத் திறக்காமல் கிடந்தது. திருநீறு எண்ணெயில் கரைந்திருந்தது. பாவம் பார்த்து அதன் முன்காலைத் தூக்கினாள். கை தன்பாட்டில் விரலிடுக்கை விலக்கியது. உண்ணி பொறுக்கப் பழகாதவர்கள் பார்க்காமல் விடுகிற இடம் அது.

இருந்தது. ஆமணக்கு விதை பருமனில், இரத்தம் குடித்து ஊதிப்போய், ஒரே ஓர் உண்ணி.

காலையிலிருந்து பிலிப்பு இந்த ஒன்றுக்காகத்தான் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார். ‘இஞ்ச வாங்க, கிடைச்சிட்டு!’ என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். செசீலியா குரல் கொடுக்கவில்லை. நகத்தால் மெல்லத் திருகி எடுத்தாள். அதன் கால்கள் அவள் விரலில் அசைந்தன. கறுவாவின் வலது காதை மடித்து, உள் மயிருக்குள் அதை வைத்து, கால்களால் மயிரைப் பிடித்துக்கொள்ளும்வரை பொத்தி வைத்திருந்தாள்.

நிமிர்ந்தபோது குசினி வாசலில் பீற்றிஸ் நின்றாள். தூரிகை கழுவுகிற கோப்பை கையில் இருந்தது. எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். செசீலியா கறுவாவை இழுத்துக்கொண்டு அவளைத் தாண்டி உள்ளே போனாள்.

டாக்டர் ஊசியை எடுக்குமுன் நாயைத் தலையிலிருந்து பார்க்கத் தொடங்கினார். இடது காது, கழுத்து, வலது காது. கை நின்றது.

“மிஸஸ் பிலிப்பு.”

அவர் இடுக்கியால் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வெட்கப்படுவது போல நடிக்க வேண்டும் என்று செசீலியா நினைத்திருந்தாள். நடிக்கத் தேவைப்படவில்லை. காது மடல் வரை சுட்டது.

“இனி இந்த நாய் உதவாது,” என்றார் டாக்டர்.

பிலிப்பு சத்தம் போடுவார் என்று பார்த்தாள். போடவில்லை. கிட்ட வந்து அவள் தோளைத் தொட்டார். “பரவாயில்ல, செசீலியா. ஆருட கண்ணுக்கும் ஒண்டு தப்பும்.” பிறகு போய் நுணுக்குக்காட்டியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினார். அந்த மனுசன் நாலு அடி அடித்திருந்தாலும் அவளுக்கு இவ்வளவு நொந்திருக்காது.

முனாப் போடியார் தொழுதுவிட்டுத் திரும்பி வந்து படியில் நின்று பிலிப்புவிடம் கேட்டார். “என்ன டாக்குத்தர், கண்டாங்களா?”

“கண்டாங்க போடியார். ஆனா புதுசெண்டு சொல்ல ஏலாதாம். மருந்தும் இப்ப இல்ல.”

“அப்ப இந்த நாயும் போறதுதான்,” என்றார் போடியார். தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு மாட்டைப் பூட்டப் போனார்.

டாக்டர் மட்டும் இன்னும் அந்த உண்ணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னப் போத்தல் ஒன்றை எடுத்தார்.

“மிஸ் பீற்றிஸ், இதை ஒரு படம் கீறித் தாருங்கள். கீழே எந்த நாயில் எடுத்தது என்று எழுதுங்கள். உங்கள் கை எழுதினால் நான் கேள்வி கேட்க மாட்டேன்.”

பீற்றிஸ் கீறினாள். எட்டுக் கால், ஊதிய வயிறு, எல்லாம் அச்சொட்டாக. பிறகு பென்சில் நின்றது. செசீலியா கறுவாவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். பீற்றிஸ் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. குனிந்து, கறுவா என்று எழுதினாள்.

டாக்டர் தாளை மடித்து வைத்து, போத்தலுக்குத் தக்கை போட்டார். அவருடைய முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

“பெட்டியை மூட வேண்டாம், மிஸ்டர் பிலிப்பு. நுணுக்குக்காட்டி இங்கேயே இருக்கட்டும். ஒரு வழி இருக்கிறது. திங்கட்கிழமை காலை இந்த உண்ணியின் வயிற்றைப் பிளந்து பார்ப்பேன். அந்த நாலு புள்ளி இதற்குள் இருந்தால், நீல மருந்து படாத உங்கள் வீட்டு நாயிலும், ஒரு சொட்டு இரத்தத்தில் தெரியாவிட்டாலும், அதே கிருமி இருக்கிறது என்றாகும். அது ஊசி ஏற்றுவதைவிடப் பெரிய சாட்சி. அன்றைக்கே தந்தி அடிப்பேன். தந்தி வந்ததும் நாயைக் கோச்சியில் அனுப்பிவிடுங்கள்.”

“பொறகு திருப்பி அனுப்புவீங்களா?” என்று கேட்டாள் செசீலியா.

“வெட்டிப் பார்க்காமல் எப்படி உறுதிப்படுத்துவது?” என்றார் டாக்டர், அவள் கேள்வி விளங்காதவர் போல.

பிலிப்புவின் முகம் பூத்துவிட்டது. “கேட்டியா? உன்ட கண்ணுக்குத் தப்பின உண்ணிதான் எங்களத் தப்ப வைக்கப் போகுது!” என்று சொல்லிவிட்டு, டாக்டரின் கைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேசனுக்குக் கூடவே ஓடினார். போடியாரின் வண்டியும் படலையைத் தாண்டிப் போனது.

அந்த உண்ணியின் வயிற்றில் யாருடைய இரத்தம் இருக்கிறது என்பது செசீலியாவுக்குத் தெரியும். நாலு புள்ளி இல்லாமல் எங்கே போகும்? ஓடிப்போய் உண்மையைச் சொன்னால் கறுவாவுக்கு ஊசி, பிலிப்புவுக்குப் பெண்சாதியால் தலைகுனிவு. சொல்லாமல் விட்டால் கறுவாவுக்குத் தந்தி, பிலிப்புவின் ஆறு மாத உழைப்பில் ஒரு பொய். என்ன மூளை இது, என்ன மூளை என்று தன்னையே திட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். கறுவா வந்து மடியில் தலை வைத்தது. தள்ளிவிட்டாள். பிறகு இழுத்து அணைத்துக்கொண்டாள்.

பீற்றிஸ் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் அவளுடைய குடையும் செசீலியாவின் செருப்பும் இருந்தன.

“ஏன் அப்பிடி எழுதின நீ?” என்றாள் செசீலியா. “கிருமியக் கண்டது நீ. உன்ட பேர்தானே கெட்டுப்போகும்?”

“நான் உண்மைய எழுதியிருந்தா அவங்களுக்கு முன்னால நீங்க களவு பிடிபட்ட மாதிரி நிண்டிருப்பீங்க. அத என்னால பாக்க ஏலாது.” பீற்றிஸ் செருப்பைக் கீழே வைத்தாள். “நீங்களே சொல்லோணும் எண்டுதான் எழுதினன், மச்சாள். நீங்க சொல்லாட்டி நான் சொல்லுவன். கோச்சி அஞ்சரைக்கு. எழும்புங்க.”